கீழே போன கடல்தரை என்ன ஆகிறது?

புவித்தட்டுகளைப் பற்றிப் பேசும் எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் படம் இருக்கும். இடப்பக்கம் நீலக் கடல், வலப்பக்கம் கண்டம். கடலின் அடித்தரை கண்டத்துக்கு அடியில் சரிந்து நுழையும். மேலே ஓர் எரிமலை புகையும். சரியும் தட்டின் முனையில் சிவப்பு வண்ணம் தீட்டி, ‘இங்கே தட்டு உருகுகிறது’ என்று ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். படம் அத்தோடு முடிந்துவிடும். தட்டு போனது, உருகியது, எரிமலையாக வெளியே வந்தது, கணக்குத் தீர்ந்தது.

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த அம்புக்குறி தப்பு. கீழே போகும் தட்டு, ஒரு சில விதிவிலக்குகள் நீங்கலாக, உருகுவதே இல்லை. கெட்டியான பாறையாகவே, அதுவும் சுற்றியிருக்கும் பாறையைவிடக் குளிர்ந்த பாறையாகவே, கோடிக்கணக்கான ஆண்டுகள் இறங்கிக்கொண்டிருக்கிறது. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் உள்ளே போன கடல்தரை இன்றும் கீழே கிடக்கிறது. எங்கே கிடக்கிறது என்று வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள்.

முதலில், அது ஏன் கீழே போகிறது?

கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள் கிடைக்கின்றன. பெருங்கடல்களின் தரையில் அப்படி எதுவும் கிடைக்காது. மேற்குப் பசிபிக்கில் இருக்கும் மிகப் பழைய தரைக்கே சுமார் 18 கோடி வயதுதான். கடலுக்கு நடுவே ஓடும் கடலடி மலைத்தொடர்களில் பாறைக்குழம்பு மேலே வந்து உறைந்து, ஆண்டுக்குச் சுமார் 3 சதுர கி.மீ. புதுத் தரை உருவாகிறது. பூமியில் உள்ள மொத்தக் கடல்தரை ஏறக்குறைய 30 கோடி சதுர கி.மீ. வகுத்துப் பாருங்கள்: 10 கோடி ஆண்டுகளில் ஒரு முழுக் கடல்தரை தயாராகிவிடும். பூமி ஊதிப் பெருக்கவில்லை என்பதால், எவ்வளவு உருவாகிறதோ அவ்வளவும் எங்கோ உள்ளே போயாக வேண்டும். 454 கோடி ஆண்டு வயதுள்ள கோள் இது. இதுவரை எத்தனை பசிபிக் பெருங்கடல்களின் தரையை விழுங்கியிருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் தலை சுற்றும்.

புதிதாகப் பிறந்த தரை சூடாகவும் மெலிதாகவும் இருக்கும். மலைத்தொடரிலிருந்து விலக விலகக் குளிரும், கனக்கும், தடிக்கும். ‘தட்டு’ என்று நாம் சொல்வது வெறும் எரிமலைப் பாறை அல்ல. மேலே இருக்கும் சுமார் 7 கி.மீ. மட்டும்தான் பசால்ட் வகைப் பாறை. அதற்குக் கீழே குளிர்ந்து இறுகிய மேன்டில் பாறையும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. (தமிழ்ப் பாடநூல்கள் மேன்டிலைக் ‘கவசம்’ என்கின்றன. பேச்சில் மேன்டில்தான் புழங்குகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன்.) வயதான தட்டின் மொத்தக் கனம் 100 கி.மீ.க்குப் பக்கம் வரும். அந்த நிலையில் அது தனக்குக் கீழே இருக்கும் சூடான மேன்டிலைவிட அடர்த்தி கூடியதாகிவிடுகிறது. அகழி கிடைத்த இடத்தில் வளைந்து அமிழ்கிறது. கிட்டத்தட்ட 11 கி.மீ. ஆழமுள்ள மரியானா அகழி, பசிபிக் தட்டு அப்படி மடங்கி இறங்கும் வாசல்.

இறங்கத் தொடங்கியதும் இன்னொன்று நடக்கிறது. அறுபது, எழுபது கி.மீ. ஆழத்துக்குள் அழுத்தம் தாங்காமல் பசால்டின் கனிமங்கள் இடம் மாறி, எக்லோகைட் என்ற பாறையாக மாறத் தொடங்குகின்றன. மலை உருவாகும்போது மேலே தள்ளப்பட்ட எக்லோகைட் துண்டுகள் சில இடங்களில் தரைக்கு வந்திருக்கின்றன. பச்சைப் பின்னணியில் சிவப்பு கார்னெட் மணிகள் பதித்தது போல இருக்கும், பாறைகளிலேயே அழகான பாறைகளில் ஒன்று. அழகைவிட முக்கியம் அதன் கனம். பசால்டின் அடர்த்தி தண்ணீரைப் போல 3 மடங்கு என்றால், எக்லோகைட்டுடையது ஏறக்குறைய 3.5 மடங்கு. சுற்றியிருக்கும் மேன்டிலுடையது 3.3 அளவில்தான். ஆக, கீழே போன முனை இன்னும் கனமாகி, மேலே இருக்கும் மிச்சத் தட்டையும் இழுக்கிறது. மேசை விரிப்பின் ஒரு பக்கம் கூடுதலாகத் தொங்கினால் முழு விரிப்பும் சரிந்து விழுமே, அந்த மாதிரி. புவித்தட்டுகளை நகர்த்தும் விசைகளில் பெரியது இந்த இழுப்புதான்.

ஏன் உருகவில்லை?

உள்ளே அவ்வளவு சூடு இருக்கும்போது தட்டு எப்படி உருகாமல் தப்பிக்கிறது என்பதுதான் இயல்பாக வரும் கேள்வி. அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். மேன்டில் என்பது கொதிக்கும் குழம்புக் கடல் அல்ல. அது பாறை, கெட்டியான பாறை. ஆனால் பனியாறு எப்படிக் கெட்டியான பனியாக இருந்துகொண்டே மலைச்சரிவில் மெல்ல வழிகிறதோ, அதைப் போல லட்சக்கணக்கான ஆண்டுகளில் வழியக்கூடிய பாறை. அங்கே 1,300, 1,400 டிகிரி சூடு இருந்தும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம் அழுத்தம். அழுத்தம் கூடக் கூடப் பாறை உருகத் தேவையான வெப்பமும் கூடும். சூடான மேன்டிலே உருகாதபோது, அதைவிடக் குளிர்ந்த தட்டு ஏன் உருக வேண்டும்?

சரி, போகப் போகத் தட்டும் சூடேறிவிடாதா? ஏறும், ஆனால் நம்ப முடியாத அளவுக்கு மெதுவாக. பாறை வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. கணக்குப் போட்டால், வெப்பம் பாறைக்குள் 10 லட்சம் ஆண்டுகளில் சுமார் 6 கி.மீ. தூரம்தான் ஊடுருவும். நேரம் பத்து மடங்கானால் தூரம் பத்து மடங்காகாது, மூன்று மடங்குதான் ஆகும். அதாவது 1 கோடி ஆண்டுக்கு 18 கி.மீ. இப்போது தட்டின் வேகத்தைப் பாருங்கள். ஜப்பானுக்கு அடியில் பசிபிக் தட்டு ஆண்டுக்கு 8 செ.மீ. அளவில் இறங்குகிறது. 1 கோடி ஆண்டில் 800 கி.மீ. போய்விடும். அவ்வளவு தூரம் போன பிறகும் இரு பக்கமும் 18 கி.மீ. மட்டும்தான் வெப்பம் நுழைந்திருக்கும். நடுவில் இருக்கும் அறுபது கி.மீ.க்கு இன்னும் செய்தியே எட்டியிருக்காது. சுற்றிலும் 1,600 டிகிரி இருக்கும் ஆழத்தில் கூடத் தட்டின் நடுப்பகுதி அதைவிடப் பல நூறு டிகிரி குளிர்ச்சியாகவே கிடக்கிறது.

அப்படியானால் எரிமலை எங்கிருந்து வருகிறது? தண்ணீரிலிருந்து. கடலுக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிக்கிடந்த தட்டு தண்ணீரை வெறுமனே ஈரமாகச் சுமக்கவில்லை. கனிமங்களின் படிக அமைப்புக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. செர்பன்டைன் என்ற கனிமத்தின் எடையில் சுமார் 13 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். தட்டு 100 கி.மீ. ஆழத்தை நெருங்கும்போது இந்தக் கனிமங்களில் பெரும்பகுதி சிதைந்து தண்ணீரை விட்டுவிடுகின்றன. அது தட்டுக்கு மேலே இருக்கும் சூடான மேன்டிலுக்குள் ஏறுகிறது. தண்ணீர் கலந்தால் பாறையின் உருகுநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடும். உருகுவது அந்த மேன்டில்தான், தட்டு அல்ல. படத்தில் சிவப்பு வண்ணத்தைத் தட்டின் முனையில் தீட்டாமல், தட்டுக்கு மேலே இருக்கும் ஆப்பு வடிவப் பகுதியில் தீட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும். மிக இளமையான, இன்னும் சூடு தணியாத தட்டுகளின் மேல்விளிம்பு உருகுவதுண்டு. தட்டின் மேல் படிந்த வண்டலும் கொஞ்சம் உருகும். நான் சொன்ன விதிவிலக்குகள் இவைதான்.

வண்டல் என்றதும் ஒரு சான்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணு வானத்தில் உருவாவது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் உள்ள ஆக்ஸிஜன், நைட்ரஜன் அணுக்களை உடைக்கும்போது பிறக்கிறது, மழையோடு இறங்கிக் கடலடி வண்டலில் சேர்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டு. எனவே ஒன்றரைக் கோடி ஆண்டுக்குள் சுவடில்லாமல் போய்விடும். பூமியின் உள்ளே அது இயற்கையாக இருக்க வழியே இல்லை. 1980களில் அலூஷியன் தீவுகள், மத்திய அமெரிக்கா போன்ற இடங்களின் எரிமலைக்குழம்பைச் சோதித்தபோது அதில் பெரிலியம்-10 இருந்தது. நிகரகுவா எரிமலைகளில் மிக அதிகம். ஹவாய் குழம்பில் அது இல்லை, நடுக்கடல் மலைத்தொடர்களிலும் இல்லை. ஆக, வானத்தில் பிறந்து, மழையில் விழுந்து, கடலடிச் சேற்றில் படிந்து, தட்டோடு நூறு கி.மீ. இறங்கி, எரிமலை வாய் வழியாக மறுபடி காற்றுக்கு வந்திருக்கிறது அந்த அணு. அதுவும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள். பூமியின் காலக்கணக்கில் இது போனதும் வந்ததுமான கதை.

நடுங்கிக்கொண்டே இறங்கும் தட்டு

தண்ணீரைக் கறந்து கொடுத்த பிறகு தட்டு எங்கே போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை நிலநடுக்கங்கள். 1928-இல் கியோ வடாட்டி என்ற ஜப்பானிய அறிவியலாளர், சில நடுக்கங்கள் 300 கி.மீ.க்கும் கீழே நடப்பதைக் காட்டினார். பின்னர் அந்த மையங்களை வரைபடத்தில் குறித்தபோது, ஜப்பானுக்குக் கிழக்கே அகழியில் ஆழம் குறைவாகத் தொடங்கி, மேற்கே ஆசியாவின் பக்கம் போகப் போக ஆழமாகிக்கொண்டே போயின. ஒரு சாய்ந்த பலகையின் மேல் புள்ளி வைத்தது போல. அப்போது புவித்தட்டுக் கொள்கையே பிறக்கவில்லை. அந்தப் பலகை என்ன என்று சொல்ல இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பை முடித்துவைத்த ஆய்வுகளில் ஒன்று 1960களில் ஜாக் ஆலிவரும் பிரையன் ஐசக்ஸும் தென் பசிபிக்கில் செய்தது. டோங்காவிலும் ஃபிஜியிலும் கருவிகளை வைத்தார்கள். அந்த வட்டாரத்தில் 600 கி.மீ. ஆழத்தில் அடிக்கடி நடுக்கம் வரும். அதன் அலைகள் இரண்டு தீவுகளுக்கும் போகும். டோங்காவுக்கு வந்த அலைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக, துல்லியமான கூர்மையோடு வந்தன. ஃபிஜிக்கு வந்தவை மெதுவாக, மழுங்கிப்போய் வந்தன. டோங்காவுக்குப் போகும் பாதை அமிழும் தட்டின் உடல் வழியாகவே மேலேறுகிறது. குளிர்ந்த, விறைத்த பாறை அலையைச் சிதைக்காமல் கடத்தியது. ஃபிஜிக்கான பாதை சூடான, இளகிய மேன்டில் வழியாகப் போனது. 1967-இல் வெளியான அந்த முடிவு, வடாட்டியின் புள்ளிகளுக்கு அடியில் உண்மையிலேயே ஒரு கெட்டியான பலகை இருக்கிறது என்று நிரூபித்தது.

இந்த ஆழ நடுக்கங்களே ஒரு புதிர்தான். 600 கி.மீ. ஆழத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 2 லட்சம் மடங்குக்கும் மேல். அங்கே பாறை உடையக் கூடாது, வளைந்து வழிய வேண்டும். ஆனாலும் 1994 ஜூன் 9 அன்று பொலிவியாவுக்கு அடியில் 630 கி.மீ. ஆழத்தில் 8.2 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. கனடாவில் இருந்தவர்கள் கூட அதை உணர்ந்தார்கள். 2013 மே 24 அன்று ஓக்கோட்ஸ்க் கடலுக்கு அடியில் சுமார் 600 கி.மீ. ஆழத்தில் 8.3 அளவில் இன்னொன்று. தட்டின் குளிர்ந்த மையத்தில் மாறாமல் தப்பிய ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் ஒரு கட்டத்தில் திடீரென்று வேறு அமைப்புக்கு மாறி நொறுங்குகின்றன என்பது பலர் ஏற்கும் விளக்கம். முடிந்த தீர்ப்பு அல்ல.

இன்னொரு விஷயத்தையும் கவனித்திருப்பீர்கள். சுமார் 700 கி.மீ.க்குக் கீழே நிலநடுக்கமே இல்லை. அங்கே தட்டு முடிந்துவிடுகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்ததற்கு இதுதான் காரணம்.

660 கி.மீ. என்ற வாசல்

மேன்டில் பாறையில் பெரும்பகுதி ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். ஆழம் கூடும்போது அதன் அணுக்கள் நெருக்கி அடுக்கப்படுகின்றன. 410 கி.மீ.யில் ஒரு மாற்றம், 520-க்குப் பக்கத்தில் இன்னொரு மாற்றம். அங்கே கிடைப்பது ரிங்வுடைட். 660-இல் அதுவும் உடைந்து பிரிட்ஜ்மனைட் உள்ளிட்ட இரு கனிமங்களாகிறது. அதற்குக் கீழே கீழ் மேன்டில்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 410 கி.மீ. மாற்றம் குளிரில் சீக்கிரமே நடக்கும். அதனால் குளிர்ந்த தட்டில் இருக்கும் ஆலிவின் (மாறாமல் தப்புவதாக முன்னே சொன்ன மையப் பகுதி நீங்கலாக), சுற்றியிருப்பதற்கு முன்னாலேயே மாறி அடர்த்தியாகிவிடும். தட்டு இன்னும் வேகமாக இறங்கும். 660 கி.மீ. மாற்றமோ இதற்கு நேர் எதிர், குளிரில் தாமதமாகும். சுற்றியுள்ள பாறை எல்லாம் மாறி அடர்த்தியான பிறகும் தட்டு மட்டும் பழைய, லேசான கனிமத்தோடு மிதப்பது போல நிற்கும். போதாக்குறைக்கு, கீழ் மேன்டில் மேல் மேன்டிலைவிடப் பல பத்து மடங்கு இறுகலானது. இரண்டும் சேர்ந்து அந்த இடத்தைக் கடப்பதைக் கடினமாக்குகின்றன.

அங்கே எல்லாத் தட்டுகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மரியானாவுக்கு அடியில் இருப்பது கிட்டத்தட்டச் செங்குத்தாக நேரே குத்தி இறங்குகிறது. ஜப்பானுக்கு அடியில் போனது முடியாமல் படுத்துவிட்டது. 660 கி.மீ. ஆழத்தில் படுக்கைவசமாக மடங்கி, வடகிழக்குச் சீனாவுக்கு அடியில் ஆயிரம் கி.மீ.க்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அகழி பின்வாங்கிக்கொண்டே போனால் தட்டு படுக்கும், ஒரே இடத்தில் நின்றால் குத்தி இறங்கும் என்பது தோராயமான விதி. படுத்தது என்றைக்கும் அங்கேயே கிடக்கப் போவதில்லை. தாமதமான மாற்றமும் ஒரு நாள் முடியும், அப்போது அதுவும் கீழே போகும்.

எல்லாத் தட்டும் இவ்வளவு தூரம் ஒரே துண்டாக வருவதும் இல்லை. பின்னால் வந்த கடல்தரை தீர்ந்துபோய், கனம் குறைந்த கண்டம் அகழியை எட்டினால் அது இறங்க மறுக்கும். கீழே தொங்கும் பாரமும் மேலே நிற்கும் கண்டமும் எதிரெதிராக இழுக்க, தட்டு நடுவில் அறுந்துவிடும். ருமேனியாவின் வ்ரான்சியா பகுதியில் அப்படி அறுந்துகொண்டிருக்கும் தட்டு ஒன்று தொங்குவதாகப் பலர் கருதுகிறார்கள். சின்ன இடம், ஆனால் 60 முதல் 180 கி.மீ. ஆழத்தில் அங்கே நடுக்கம் வந்தபடியே இருக்கும். 1977 மார்ச் 4 நடுக்கத்தில் 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலோர் புகாரெஸ்ட் நகரில்.

பூமிக்கு ஸ்கேன்

மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில் இருப்பது, 12 கி.மீ. சொச்சம்தான். அப்படியிருக்க 660 கி.மீ.க்குக் கீழே, நடுக்கமும் இல்லாத ஆழத்தில் தட்டு இருப்பதை எப்படிப் பார்ப்பது? மருத்துவமனை சிடி ஸ்கேன் போலத்தான். அங்கே உடலைச் சுற்றி எக்ஸ் கதிர். இங்கே உலகத்தில் எங்கோ ஒரு நடுக்கம், உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பதிவு நிலையங்கள். பூமியின் கால்வட்டத் தூரத்தைக் கடக்க நடுக்கத்தின் முதன்மை அலைக்கு, அதாவது முதலில் வந்து சேரும் அலைக்கு, சுமார் 13 நிமிடம் பிடிக்கும். வழியில் குளிர்ந்த பாறை குறுக்கிட்டால் ஓரிரு விநாடி முன்னாலேயே வந்து சேரும். வேக வித்தியாசம் 1 சதவீதம்கூட இருக்காது. ஆனால் லட்சக்கணக்கான பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்போது, எந்த இடத்தில் வேகம் கூடுகிறது என்று கணினி கண்டுபிடித்துவிடும். வேகமான இடத்தை நீலமாகவும் மெதுவான இடத்தைச் சிவப்பாகவும் போடுவது வழக்கம். (நீலம் என்றதும் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஒரு காலத்தில் அந்தக் குழப்பம் இருந்தது.)

1990களில் இந்தப் படங்கள் கூர்மையானபோது, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு அடியில் ஒரு நீண்ட நீலத் திரை தெரிந்தது. 660-ஐத் தாண்டி, கீழ் மேன்டிலுக்குள் வெகு ஆழம் வரை. அது ஃபாரலான் தட்டு. ஒரு காலத்தில் பசிபிக்கின் கிழக்குப் பாதி முழுக்கப் பரவியிருந்த தட்டு, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அமிழ்ந்து கிட்டத்தட்டத் தீர்ந்துபோனது. மேற்பரப்பில் மிச்சம் இருப்பவை ஹுவான் டி ஃபூகா, கோகோஸ், நாஸ்கா என்ற துண்டுகள்தான். இந்தப் படங்களுக்குப் பிறகு, தட்டுகள் 660-இல் நின்றுவிடுகின்றனவா என்ற நீண்ட விவாதம் பெருமளவு அடங்கியது. சில நிற்கின்றன, பல போகின்றன.

ஆனால் ஒன்று உறுத்த வேண்டும். மேற்குக் கரையில் அமிழ்ந்த தட்டு எப்படிக் கிழக்குப் பகுதிக்கு அடியில் கிடக்கிறது? தட்டு நகர்ந்ததைவிட அதிகமாக நகர்ந்தது கண்டம். அட்லாண்டிக் விரிய விரிய வட அமெரிக்கா மேற்கே போய்க்கொண்டிருந்தது. முதலில் அமிழ்ந்த துண்டுகள் போட்ட இடத்தில் மெல்லக் கீழே இறங்க, கண்டம் அவற்றின் மேலாகத் தாண்டிப் போய்விட்டது. இந்தியாவுக்கு அடியிலும் இதே கதைதான். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெதிஸ் பெருங்கடலின் தரை ஆசியாவின் தென்கரையில் அமிழ்ந்தது. வேகமாக வடக்கே வந்த இந்தியா மோதி, அதன் பிறகும் முட்டிக்கொண்டே போனது. அன்று அமிழ்ந்த டெதிஸ் தரை இன்று இமயமலைக்கு வடக்கே இல்லை. இந்தியாவுக்கு நேர் கீழே, ஆயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தில் இருக்கிறது. கடந்து வந்த கடலின் மேலேயே கண்டம் நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இதனால் ஒரு பெரிய உபயோகம் உண்டு. பழைய பாறைகளில் உறைந்திருக்கும் காந்தத் திசையை வைத்து ஒரு கண்டம் எந்த அட்சரேகையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். தீர்க்கரேகையை அப்படிச் சொல்ல முடியாது. அமிழ்ந்த தட்டுகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகின்றன என்றால், அவை கிடக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் அன்றைய அகழி இருந்திருக்க வேண்டும். தொலைந்துபோன தீர்க்கரேகை அங்கே கிடைக்கிறது. 2018-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்ட குழு ஒன்று இப்படி 94 தட்டுகளை அடையாளம் கண்டு, எது எப்போது எங்கே அமிழ்ந்தது என்று பட்டியலிட்டது. சைபீரியாவுக்கு அடியில் கிடக்கும் ஒன்று ஜுராசிக் காலத்தில் மூடிப்போன மங்கோல்-ஓக்கோட்ஸ்க் கடலின் தரை. அந்தக் கடலுக்கு மேற்பரப்பில் இன்று ஒரு தழும்பு மட்டும்தான் மிச்சம்.

அடி வரை

ஒவ்வொரு தட்டின் வயதையும் ஆழத்தையும் பொருத்திப் பார்த்தால் இறங்கும் வேகம் கிடைக்கும். கீழ் மேன்டிலில் அது ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. நம் நகம் வளரும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2,890 கி.மீ. ஆழத்தில் மேன்டில் முடிந்து, உருகிய இரும்பாலான வெளிக் கருவம் தொடங்குகிறது. அங்கே போய்ச் சேர 20 முதல் 25 கோடி ஆண்டு ஆகும். அதற்கு மேல் இறங்க வழியில்லை, இரும்பு அதைவிட மிகக் கனம். மேலிருந்து தளர விட்ட துணி மடிந்து மடிந்து குவிவது போலத் தட்டுகள் அங்கே குவிகின்றன. ‘தட்டுகளின் இடுகாடு’ என்று ஆய்வாளர்களே பேச்சுவாக்கில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஏன் என்று இதோ சொல்கிறேன்.

குவிந்த தட்டுக்குக் கீழே கிட்டத்தட்ட 4,000 டிகிரியில் கருவம். இங்கேதான் அது முதன்முறையாக நன்றாகச் சூடேறுகிறது. சூடேறிய பாறை லேசாகி மேலே கிளம்பும். தட்டின் பசால்ட் பகுதியில் ஒரு பங்கு அடியிலேயே தங்கியிருக்கலாம். ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக்குக்கும் அடியில் ஆயிரக்கணக்கான கி.மீ. அகலத்தில் கிடக்கும் இரண்டு பெரிய சூடான மேடுகளில் அதுவும் சேர்ந்திருக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. மிச்சம், மேலெழும் சூடான பாறைத் தூண்களோடு சேர்ந்து, பல கோடி ஆண்டுகள் கழித்து மேலே வருகிறது. ஹவாய் போன்ற எரிமலைத் தீவுகளின் குழம்பில் பழைய கடல்தரை கலந்திருக்கிறது என்று 1982-இல் ஆல்பிரெக்ட் ஹாஃப்மனும் வில்லியம் வைட்டும் வாதிட்டார்கள்.

ஆழத்திலிருந்து சாட்சி சொல்ல வந்தவை வைரங்கள். பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த சில வைரங்களுக்குள் சிக்கியிருந்த கனிமத் துகள்களின் கலவை, கடலடிப் பசால்ட் கீழ் மேன்டிலுக்குப் போனால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அந்த வைரங்களின் கார்பனும் மேற்பரப்பு உயிர்களின் கார்பனைப் போன்ற சாயலில் இருந்தது. அதே ஜுயினாவில் கிடைத்த 3 மி.மீ. அகல வைரம் ஒன்றுக்குள் ரிங்வுடைட் இருப்பதை 2014-இல் கிரகாம் பியர்சன் குழு அறிவித்தது. வேறு ஏதோ கனிமத்தைத் தேடும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டதாம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். 100 கி.மீ.யில் தட்டு எல்லாத் தண்ணீரையும் விட்டுவிடவில்லை, கொஞ்சம் அடி ஆழம் வரை கொண்டுபோகிறது என்பதற்கு அது நல்ல துப்பு.

ஆனால் என்னை மிகவும் அசத்தியது மங்கையா. தென் பசிபிக்கில் குக் தீவுகளைச் சேர்ந்த சிறிய தீவு அது. அணைந்துபோன எரிமலை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கக்கிய அதன் குழம்பில் ஆலிவின் படிகங்கள் இருக்கின்றன, அந்தப் படிகங்களுக்குள் பொடிப்பொடியாகக் கந்தகச் சேர்மங்கள். படிகம் மூடியிருந்ததால் வெளிக்காற்றோ மழையோ அவற்றைக் கெடுக்கவில்லை. 2013-இல் வெளியான ஆய்வு அந்தக் கந்தகத்தின் ஐசோடோப்புகளை எடைபோட்டது. விகிதம் வழக்கமான கணக்கில் இல்லை. அந்த விசித்திரமான விகிதம் ஒரே விதத்தில்தான் வரும்: காற்றில் ஆக்ஸிஜனும் ஓசோனும் இல்லாமல், சூரியனின் புறஊதாக் கதிர் நேராக வந்து கந்தக வாயுவைத் தாக்க வேண்டும். அப்படிப்பட்ட காற்று பூமியில் கடைசியாக இருந்தது 245 கோடி ஆண்டுகளுக்கு முன்.

ஆக, ஆக்ஸிஜன் இல்லாத வானத்தில் பிறந்து கடல்தரையில் படிந்த கந்தகம், தட்டோடு அமிழ்ந்து, 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் மேன்டிலுக்குள் கிடந்து, மங்கையாவில் வெளியே வந்திருக்கிறது. இவ்வளவு காலம் ஆகியும் மேன்டில் அதைக் கலக்கிக் கரைத்துவிடவில்லை. மங்கையா உட்கார்ந்திருக்கும் பசிபிக் தட்டு இப்போது ஆண்டுக்குச் சில செ.மீ. வேகத்தில் மேற்கு வடமேற்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது டோங்கா அகழி.